புயல், வெள்ளம் வந்தா குதிரை, மாடு, ஆட்டை என்ன செய்யணும்? கட்டுத்தறி கயிறுதான் முதல் எமன்: டெல்டா மக்களே உஷார்!

தஞ்சாவூர்:

ஐப்பசி, கார்த்திகை பிறந்து விட்டால் டெல்டா மாவட்ட மக்களுக்கு வயிற்றில் புளியைக் கரைக்க ஆரம்பித்து விடும். எந்த நேரத்தில் எந்த புயல் வருமோ, எந்த வாய்க்கால் உடைத்துக் கொள்ளுமோ என்ற பயம்தான் காரணம்.

புயல் எச்சரிக்கை வந்ததும் ரேஷன் கார்டு, ஆதார், பத்திரம், நகை என்று ஒவ்வொன்றாக எடுத்து பையில் போடுகிறோம். பிள்ளைகளையும் வயசானவர்களையும் பள்ளிக்கூட முகாமுக்கு அனுப்புகிறோம். கொல்லையில் கட்டிக் கிடக்கும் வாயில்லா ஜீவன்களை மட்டும் கடைசியாகத்தான் நினைக்கிறோம். அப்போது நேரம் இருப்பதில்லை.

ஒரு கறவை மாடு போனால் அந்த வீட்டின் தினசரி வருமானமே போச்சு. நாலு ஆடு போனால் பெண்ணுக்கு சேர்த்து வைத்த பணம் போச்சு. காணும் பொங்கலுக்கு திருக்கடையூர் எல்கை பந்தயத்தில் ஓடும் குதிரை, கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்குப் போகும் குதிரை என்று டெல்டாவில் குதிரையை நம்பிப் பிழைக்கும் குடும்பங்களும் இருக்கின்றன. அவர்களுக்கும் இதே கதைதான்.

மாடும் குதிரையும் நன்றாகவே நீந்தும். பிறகு ஏன் வெள்ளத்தில் சாகின்றன? கழுத்தில் கயிறு இருக்கிறது. அல்லது கொட்டகை கூரை மேலே விழுகிறது. அல்லது மேட்டுக்கு ஓட்டிக் கொண்டு போக வேண்டிய நேரத்தில் யாரும் ஓட்டவில்லை. இந்த மூன்றையும் முன்கூட்டியே தடுக்க முடியும். அதற்கு பெரிய செலவும் கிடையாது.

கஜா சொன்ன பாடம்

2018-ம் ஆண்டு நவம்பர் 16-ந்தேதி அதிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையைக் கடந்தது. நாகை, திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்கள் சின்னாபின்னமாயின. லட்சக்கணக்கான தென்னை மரங்கள் சாய்ந்தன. ஆயிரக்கணக்கான ஆடு, மாடு, கோழிகள் பரிதாபமாக செத்தன.

கோடியக்கரை சரணாலயத்தில் வெளிமான், புள்ளிமான்களோடு, யாருக்கும் சொந்தமில்லாத குதிரைகளும் கூட்டமாகத் திரிவதை அந்தப் பக்கம் போனவர்கள் பார்த்திருக்கலாம். முன்னொரு காலத்தில் மனிதர்கள் வளர்த்த குதிரைகளின் வம்சம் அவை. கஜாவில் அந்தக் குதிரைகளும் மான்களும் கூட செத்தன. மான்களின் உடல்கள் கடலில் மிதந்து காரைக்கால் கரை வரை வந்து ஒதுங்கின.

அந்தக் குதிரைகளை யாரும் கட்டிப் போடவில்லை. அப்படியும் தப்ப முடியவில்லை. காரணம் என்ன? அது கடலோர தாழ்வான சதுப்பு நிலம். ஓடி ஏற மேடு குறைவு.

இதிலிருந்து தெரிவது இதுதான். முடிந்தால் முன்கூட்டியே மேட்டுக்கு ஓட்டிப் போகணும். முடியாவிட்டால் கட்டாவது அவிழ்க்கணும். இரண்டும் செய்யாமல் தறியில் கட்டி வைத்து விட்டுப் போனால் நாமே கொன்ற மாதிரிதான்.

உங்க ஊருக்கு எந்த வெள்ளம் வரும்?

டெல்டாவில் வெள்ளம் மூன்று வழியில் வருகிறது. உங்க ஊருக்கு எது என்று முதலில் தெரிஞ்சுக்கணும்.

ஒன்று, ஆற்று வெள்ளம். மேட்டூர் அணை நிரம்பி உபரி நீர் வந்தால் கொள்ளிடத்தில் பாயும். 2022-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் கொள்ளிடத்தில் 2 லட்சம் கன அடியைத் தாண்டி தண்ணீர் போனது. மயிலாடுதுறை மாவட்டத்தில் நாதல்படுகை, முதலைமேடு திட்டு போன்ற படுகை கிராம மக்கள் ஆடு, மாடுகளோடு கரைக்கு ஏறினார்கள். இந்த வெள்ளத்தில் ஒரு நல்ல விஷயம், முன்கூட்டியே தெரிந்து விடும். சாதாரணமாக ஜூன் 12-ந்தேதி மேட்டூரைத் திறந்தால் கல்லணையை 15 அல்லது 16-ந்தேதி திறப்பது வழக்கம். வெள்ளக் காலத்தில் தண்ணீர் இதை விட வேகமாக வரும். இருந்தாலும் மாட்டை ஓட்டிப் போக நேரம் இருக்கும். ஆற்றுக்குள் கிடை போட்டிருக்கும் கீதாரிகள் மேட்டூர் நிலவரத்தை தினமும் விசாரித்துக் கொள்வது நல்லது.

இரண்டு, பேய் மழை. 2008 நவம்பரில் நிஷா புயல் வந்தபோது கடலில் இருந்து தள்ளி உள்ள ஒரத்தநாட்டில் ஒரே நாளில் 60 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. 'நமக்கென்ன, கடல் தூரம்' என்று இருந்து விட முடியாது. வடிகால் வாய்க்கால் தூர்ந்து போன ஊரில் ராத்திரியோடு ராத்திரியாக கொட்டகைக்குள் தண்ணீர் வந்து விடும்.

மூன்று, புயலோடு கடல் நீர் உள்ளே ஏறுவது. வேதாரண்யம், தலைஞாயிறு, அதிராம்பட்டினம் பக்கம் இந்த ஆபத்து உண்டு. இதுதான் மோசமானது. காற்று, கடல், மழை மூன்றும் சேர்ந்து வரும். இங்கே இருப்பவர்கள் 'அவிழ்த்து விட்டால் அதுவே தப்பிச்சுக்கும்' என்று நம்பக் கூடாது. முதல் நாளே ஓட்டிப் போயிடணும்.

'உம்பளச்சேரி மாடு சேற்றில் பிறந்து சேற்றில் உழுத மாடு, அதுக்கு ஒண்ணும் ஆகாது' என்று பெருமையாகச் சொல்வார்கள். டெல்டா சேற்றுக்கு ஏற்ற மாடுதான், சந்தேகமில்லை. ஆனால் முறிந்து விழும் தென்னைக்கும் கழுத்துக் கயிறுக்கும் நாட்டு மாடு, சீமை மாடு என்ற வித்தியாசம் கிடையாது.

மழைக்கு முன்பே முடிக்க வேண்டியது

புரட்டாசிக்குள் இதை எல்லாம் முடிச்சுடணும்.

* தடுப்பூசி: மாட்டுக்கு கோமாரி, தொண்டை அடைப்பான், சப்பை நோய். ஆட்டுக்கு ஆட்டுக்கொல்லி, துள்ளுமாரி. குதிரைக்கு டெட்டனஸ் ஊசி ரொம்ப முக்கியம். வீட்டு விலங்குகளில் டெட்டனஸ் சீக்கிரம் தாக்குவது குதிரையைத்தான். வெள்ளத்தில் ஒரு தகரம், ஒரு ஆணி கிழித்தாலே போதும். எதை எப்போது போடுவது என்று கால்நடை மருந்தகத்தில் கேட்டுக்கோங்க.

* காதுவில்லை: மாட்டுக் காதில் 12 இலக்க எண் போட்ட மஞ்சள் வில்லை இருக்கணும். விழுந்திருந்தால் மறுபடி போட்டு விடுங்க. நிவாரணம், இன்சூரன்ஸ் இரண்டுக்கும் இதுதான் சாட்சி.

* போட்டோ: ஒவ்வொரு பிராணியையும் முன்பக்கம், பின்பக்கம், இரண்டு பக்கவாட்டிலும் போட்டோ எடுத்து செல்போனில் வையுங்க. நீங்களும் பக்கத்தில் நிற்கிற மாதிரி ஒன்று எடுங்க. செல்போன் நனையலாம் என்பதால் வெளியூரில் உள்ள சொந்தக்காரருக்கும் அனுப்பி வையுங்க. குதிரை வாங்கும்போது சுழி பார்த்துத்தானே வாங்குகிறோம்? அந்த சுழி இருக்கும் இடங்களையும் கிட்டத்தில் எடுத்து வையுங்க. தொலைந்த குதிரையை 'இது என்னுதுதான்' என்று நிரூபிக்க அதை விட நல்ல அடையாளம் இல்லை.

* கொட்டகை: ஆடும் தகரம், ஆஸ்பெட்டாஸ் ஷீட்டுகளை கம்பி போட்டு இறுக்கணும். மேலே சாயும் கிளைகளை வெட்டணும். காற்றில் பறக்கும் தகரம் அரிவாள் மாதிரி வெட்டும்.

* முடிச்சு: கட்டுத்தறியில் ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சாகப் போட்டுப் பழகுங்க. ஈரத்தில் நனைந்த கயிறு இறுகி விடும், இருட்டில் அவிழ்க்கவே வராது. கொட்டகை தூணில் ஒரு அரிவாளை சொருகி வையுங்க. இரும்புச் சங்கிலியில் கட்டுவதை மழைக்காலத்தில் விட்டுடுங்க.

* தீவனம்: வைக்கோல் போருக்கு அடியில் கல் அல்லது மரம் போட்டு உயர்த்தி, மேலே தார்ப்பாய் கட்டணும். நனைந்து பூஞ்சை பிடித்த வைக்கோல் எந்த பிராணிக்கும் ஆகாது.

72 மணி நேரத்தில் என்னென்ன?

வானிலை ஆய்வு மையம் புயல் எச்சரிக்கையை நான்கு கட்டமாக வெளியிடுகிறது. துறைமுகத்தில் ஏற்றும் கூண்டு எண் கப்பலுக்கும் மீனவர்களுக்கும். மாடு வைத்திருப்பவர்கள் மணிக்கணக்கைத்தான் பார்க்கணும்.

72 மணி நேரம் முன்பு: 'புயல் உருவாகலாம்' என்று முதல் தகவல் வரும். எங்கே ஓட்டிப் போவது என்று அப்போதே முடிவு பண்ணிடணும். ஊரில் உள்ள திடல், கோவில் மேடு, ரயில் பாதை ஓரம் அல்லாத உயரமான சாலை, உறவினர் ஊர், எதுவானாலும் இடத்துக்காரரிடம் சொல்லி வைக்கணும். நிறைசினை மாடு, கன்றுக்குட்டி, நொண்டி மாடு, வயசான குதிரை ஆகியவற்றை இப்போதே நகர்த்தி விடுவது நல்லது. அவற்றால் கடைசி நேரத்தில் வேகமாக நடக்க முடியாது.

48 மணி நேரம் முன்பு: தொட்டி, டிரம் எல்லாவற்றிலும் தண்ணீர் நிரப்புங்க. கஜாவுக்குப் பிறகு பல கிராமங்களில் வாரக்கணக்கில் கரண்டு இல்லை, மோட்டார் ஓடவில்லை. ஒரு மாட்டுக்கு நாளைக்கு 40 லிட்டருக்கு மேல் தண்ணீர் வேணும். குதிரைக்கு 25 முதல் 40 லிட்டர். ஒரு வாரத்துக்கு தீவனம், காயத்துக்கு மருந்து, சுத்தமான துணி, டார்ச் லைட், கூடுதல் கயிறு எடுத்து வையுங்க.

24 மணி நேரம் முன்பு: ஓட்டிப் போறது இந்த நேரத்தில்தான். காற்று கிளம்பிய பிறகு மாடு நடக்காது, குதிரை மிரளும், குட்டி யானை வண்டியும் கிடைக்காது. மாட்டின் கொம்பில் அல்லது உடம்பில், குதிரையின் குளம்பில் உங்க செல்போன் எண்ணை பெயிண்டால் எழுதி விடுங்க.

12 மணி நேரம் முன்பு: கொட்டகையிலேயே இருக்கும் பிராணிகளை அவிழ்த்து விடணும். தென்னை மரத்தடி, பழைய சுவர் ஓரம், மின் கம்பம் பக்கம் நிற்க விடாதீங்க. கொட்டகை பலமில்லை என்று தெரிந்தால் உள்ளே அடைக்க வேண்டாம். திறந்த மேட்டு நிலத்துக்கு விரட்டி விட்டு, படலைச் சாத்தி விடுங்க. இல்லாவிட்டால் பயத்தில் மறுபடியும் பழைய இடத்துக்கே ஓடி வரும். சாலை ஓரமாக விட்டு விடவும் கூடாது.

குதிரைக்காரர்கள் கவனத்துக்கு

மாடு பயந்தால் நிற்கும். குதிரை பயந்தால் ஓடும். வெள்ளத்தில் குதிரைக்கு பெரிய எதிரி அந்த மிரட்சிதான்.

புல்லுக்கு விடும்போது இரண்டு முன்னங்கால்களையும் சேர்த்துக் கட்டி விடுவது நம்ம பக்கம் வழக்கம். மழைக்காலத்தில் அந்தக் கட்டு இருக்கவே கூடாது. கால் கட்டிய குதிரை முழங்கால் தண்ணீரில் விழுந்தால் கூட எழ முடியாமல் மூழ்கி விடும்.

அவிழ்த்து விடும்போது கடிவாளம், சேணம், மணி மாலை எல்லாவற்றையும் கழற்றி விடணும். மரக்கிளையிலும் வேலிக் கம்பியிலும் மாட்டிக் கொள்ளும்.

வண்டியில் ஏறிப் பழகாத குதிரை ஆபத்து நேரத்தில் ஏறவே ஏறாது. நல்ல வெயில் நாளில் நாலு தடவை லாரியிலோ மினி வண்டியிலோ ஏற்றி இறக்கிப் பழக்குங்க. மிரண்டு நிற்கும் குதிரையின் கண்ணை துணியால் மறைத்து, தெரிந்த ஆள் பேசிக் கொண்டே மெதுவாக நடத்தினால் பெரும்பாலும் வரும்.

குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. கெட்டுப் போன தீனி உள்ளே போனால் வயிற்று வலி வந்து உயிருக்கே ஆபத்தாகி விடும். முகாமில் கிடைக்கிற தீவனத்தை எல்லாம் திடீரென்று போடாதீங்க. வழக்கமாகத் தின்னும் புல், கொள்ளை மூட்டை கட்டி கூடவே எடுத்துப் போங்க.

ஆடு, கோழி

ஆடு சளிக்கும் குளிருக்கும் தாங்காது. ரொம்ப நேரம் நீந்தவும் முடியாது. அவிழ்த்து விட்டால் மட்டும் பிழைக்காது, உயரம் வேணும். மூங்கில் அல்லது சவுக்கு கட்டையில் பரண் போட்டு வைத்தால் திடீர் தண்ணீருக்கு உதவும். குட்டிகளை வீட்டுக்குள் தூக்கி வைத்துக்கோங்க. கோழிகளை கூண்டோடு மச்சு வீட்டு மாடிக்கு ஏற்றலாம். கவிழ்த்த கூடைக்குள் அடைத்து தரையில் வைத்து விட்டுப் போனால் முதலில் சாவது அவைதான்.

தண்ணீர் ஏறி விட்டால்?

உங்க உயிர்தான் முதலில். ஓடும் தண்ணீரில் மாட்டைப் பிடிக்க இறங்காதீங்க. கயிறை கையில் சுற்றிக் கொண்டு இழுக்கவே கூடாது. மிரண்ட மாடும் குதிரையும் ஆளையும் சேர்த்து இழுத்துக் கொண்டு போய் விடும்.

நீந்தும் பிராணிக்கு முன்னால் போனால் காலால் அடிபடும். தலைக்கயிறை இறுக்கி இழுத்தால் அதன் மூக்கு தண்ணீருக்குள் போய் விடும். தூரத்தில் இருந்து மேடான பக்கம் விரட்டினால் போதும்.

மின்கம்பி அறுந்து கிடக்கும் தண்ணீரில் மனிதனை விட மாட்டுக்கும் குதிரைக்கும் ஆபத்து அதிகம். முன்கால், பின்கால் இடைவெளி பெரிசு என்பதால் உடம்பு வழியாக பாயும் மின்சாரமும் அதிகம். மாடு துடித்து விழுவதைப் பார்த்தால் ஓடிப் போய் தொடாதீங்க. மின்னகம் 94987 94987 எண்ணுக்கு சொல்லி கரண்டை நிறுத்திய பிறகே பக்கத்தில் போகணும்.

மீட்பு உதவிக்கு மாவட்ட கட்டுப்பாட்டு அறை எண் 1077. மாநில கட்டுப்பாட்டு அறை எண் 1070. கால்நடை ஆம்புலன்சுக்கு 1962.

தண்ணீர் வடிந்த பிறகு

வெள்ளத் தண்ணீரில் உரம், பூச்சிமருந்து, சாக்கடை எல்லாம் கலந்திருக்கும். கடலோரத்தில் உப்பும் இருக்கும். அதைக் குடிக்க விடாதீங்க. மூழ்கிய வயலில் உடனே மேய விடாதீங்க. புதுசாக முளைக்கும் இளம்புல்லை வயிறு முட்டத் தின்றால் ஆட்டுக்கு துள்ளுமாரி வரும்.

குளம்புகளை தினமும் கழுவித் துடைத்து, இடுக்கில் கல், கண்ணாடி, ஆணி இருக்கிறதா என்று பாருங்க. காய்ந்த இடத்தில் கட்டுங்க. மடியைக் கழுவி விட்டுப் பால் கறங்க. சேற்றில் இறங்கி வேலை பார்ப்பவர்களுக்கு எலிக்காய்ச்சல் வரும். காலில் காயத்தோடு வெறுங்காலாக நிற்காதீங்க. காய்ச்சல் வந்தால் அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்க.

செத்துப் போனால் நிவாரணம் எவ்வளவு?

2022-ல் திருத்தப்பட்ட மத்திய அரசின் பேரிடர் நிவாரண விதிப்படி:

* பசு, எருமை: ரூ.37 ஆயிரத்து 500
* ஆடு: ரூ.4 ஆயிரம்
* உழவு மாடு, குதிரை: ரூ.32 ஆயிரம்
* கன்று, கழுதை, மட்டக் குதிரை: ரூ.20 ஆயிரம்
* கோழி: ஒன்றுக்கு ரூ.100, குடும்பத்துக்கு அதிகபட்சம் ரூ.10 ஆயிரம்

பெரிய கறவை மாடு என்றால் ஒரு குடும்பத்துக்கு 3 வரை, ஆடு என்றால் 30 வரை கணக்கில் எடுப்பார்கள். 2023 டிசம்பரில் மிச்சாங் புயலின்போது தமிழக அரசும் மாட்டுக்கு 37 ஆயிரத்து 500, ஆட்டுக்கு 4 ஆயிரம் என்றுதான் அறிவித்தது. இந்தத் தொகை அவ்வப்போது மாறும். அந்தந்த நேரத்து அரசு அறிவிப்பைப் பார்த்துக்கோங்க.

பணம் கிடைக்கணும் என்றால் அவசரப்பட்டு புதைத்து விடக் கூடாது. காதுவில்லையோடு போட்டோ எடுங்க. கிராம நிர்வாக அலுவலருக்கும் கால்நடை மருத்துவருக்கும் தகவல் சொல்லி, அவர்கள் பார்த்த பிறகு, குடிநீர் கிணற்றுக்கு தூரமாக ஆழக் குழி தோண்டி சுண்ணாம்பு போட்டுப் புதைக்கணும். புதைத்த பிறகு நிரூபிப்பது ரொம்ப கஷ்டம்.

அரசு மானியத்தோடு கால்நடை இன்சூரன்சும் உண்டு. 2024-ல் மத்திய அரசு விவசாயி கட்ட வேண்டிய பங்கை பிரீமியத்தில் 15 சதவீதமாகக் குறைத்தது. குதிரை, கழுதைக்கும் போடலாம். பக்கத்து கால்நடை மருந்தகத்தில் விசாரிங்க.

ஊருக்கு ஒரு மேடு

'மாட்டை விட்டுட்டு நான் மட்டும் எப்படிப்பா வர்றது?' என்று முகாமுக்கு வர மறுக்கும் பெரியவர்களை நாம் எல்லா ஊரிலும் பார்க்கிறோம். இது பிடிவாதம் இல்லை. அந்த மாடுதான் அவர்களுக்கு சோறு போடுகிறது.

அமெரிக்காவில் 2005-ல் கத்ரீனா புயல் வந்தபோதும் வளர்ப்புப் பிராணிகளை விட்டு வர மனசில்லாமல் பலர் வீட்டிலேயே தங்கி விட்டார்கள். அடுத்த ஆண்டே, பேரிடர் திட்டம் போடும்போது வளர்ப்புப் பிராணிகளையும் கணக்கில் சேர்க்கணும் என்று அங்கே சட்டம் கொண்டு வந்தார்கள்.

நம்மைப் போல நெல் விளையும் டெல்டா பூமியான வங்கதேசத்தில் 1970 நவம்பரில் வந்த புயல் லட்சக்கணக்கான மக்களை பலி வாங்கியது. அதன் பிறகு அங்கே கடலோர கிராமங்களில் 'கில்லா' என்ற பெயரில் பெரிய மண்மேடுகளைக் கட்டினார்கள். புயல் வந்தால் ஆடு, மாடுகளை அதில் ஏற்றி விட்டு மனிதர்கள் பக்கத்தில் தங்கிக் கொள்வார்கள்.

நம்ம ஊரில் திடலும் களமும் மந்தைவெளியும் ஏற்கனவே இருக்கின்றன. பல இடங்களில் ஆக்கிரமிப்பிலும் கருவை முள்ளிலும் கிடக்கின்றன. கோடையில் வாய்க்கால் தூர்வாரும் மண்ணை அந்தத் திடலில் கொட்டி உயர்த்தி, ஒரு கைப்பம்பு, ஒரு தண்ணீர் தொட்டி வைத்தால் அதுவே மாட்டுக்கு புயல் பாதுகாப்பு மையம். கிராம சபை கூட்டத்தில் இதை ஒரு தீர்மானமாகக் கேட்கலாம்.

அதுவரை, இன்றைக்கு ராத்திரி மாட்டைக் கட்டும்போதே அந்த முடிச்சை மாற்றிப் போடுங்க. கொட்டகையில் அரிவாள் இருக்கிறதா என்று ஒரு தடவை பாருங்க.